ட்ரெய்லர் இல்லாமல் வராத நடுக்கம்

வண்டியில் குறை ஒன்றும் இல்லை என்று சொன்னால் யாராக இருந்தாலும் முகம் தெளியும். கல்யாணராமன் சுவாமிக்குத் தெளியவில்லை. பட்டறை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். இடது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

"நன்னாப் பார்த்தியா மோளே?"

"பார்த்தேன் சுவாமி. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தேன். அடியில படுத்துப் பார்த்தேன். கரமனை வரைக்கும் ஓட்டியும் பார்த்தேன். வண்டி வழுக்கிட்டுப் போகுது."

"ஆட்டமே இல்லையா?"

"இல்லை."

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிசல்ட் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் ஒரு மாதிரி தலையாட்டுவார்கள். அவரும் அப்படித்தான் ஆட்டினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்தேன்.

கைமனத்தில் என் பட்டறை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பேன். என் பெயர் ஜெபமலர். போர்டில் பாதி மழையில் அழிந்து 'மலர்' மட்டும் மிஞ்சியிருப்பதால் பூக்கடை என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. சுவாமி ஸ்ரீவராகத்துக்காரர், கல்யாணச் சமையல்காரர். அவருடைய பிக்கப் பழையது, இரண்டு வரிசை இருக்கை உள்ளது. அதன் பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கோத்து, அடுப்பு, சிலிண்டர், வார்ப்பு, உருளி என்று பெரிய பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில், கொல்லம் என்று போய்ச் சமைத்துவிட்டு வருவார். இடது முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால், தேடிப் பிடித்து ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியிருந்தார்.

"சுவாமி, குறை இல்லைன்னு சொன்னேன். நீங்க என்னமோ இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கீங்க. என்னவாக்கும் காரியம்?"

தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "அப்பாவுக்கும் இடது கைலதான் ஆரம்பிச்சுது."

"என்னது?"

"நடுக்கம். அவரும் தேகண்டக்காரர்தான், இதே சமையல் வேலை. ஒரு நாள் பாயசத்தை வார்ப்புலேர்ந்து மொண்டு எடுக்கறச்சே கரண்டி விளிம்புல டக டகன்னு அடிச்சுது. எல்லாரும் சிரிச்சா. அப்புறம் யாரும் சிரிக்கலை. கடைசியா அம்மாதான் அவருக்கு ஊட்டிவிட்டா. அவருக்கு அறுபதுல வந்தது. எனக்கு இந்த மேட மாசத்துல அறுபது முடிஞ்சுது."

"உங்களுக்கும் நடுங்குதா?"

"வண்டி அறுபது அறுபத்தஞ்சுல போறப்போ. கியர் லிவர் மேல கை வைச்சிருப்பேன் இல்லையா, அந்தக் கை விறுவிறுன்னு நடுங்கும். கொஞ்ச நேரத்துல நின்னுடும். திரும்ப வரும்."

"மாமிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லிடாதே." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளை டிரைவிங் படின்னு பிடுங்கி எடுத்ததே இதுக்காக்கும். என் கை போனாலும் அடுப்பு அணையப்படாது பாரு. அவளும் ஓட்டக் கத்துண்டா. டெய்லி கோவிலுக்கு, சாலைக் கடைத்தெருவுக்கு எல்லாம் இந்த வண்டியைத்தான் எடுத்துண்டு போறா. ஆட்டறதான்னு கேட்டேன். உங்களுக்கு வேற வேலை இல்லையான்னா. முன்னாடி ரெண்டு பட்டறையில கேட்டேன், ஒண்ணுமில்லைன்னா. இப்போ நீயும் சொல்லிட்டே. வண்டில இல்லைன்னா பின்னே எங்கே இருக்கு? மிச்சம் நான்தானே?"

நானும் இப்படித்தான் குறை தேடுவேன். டயர் இல்லை, மவுண்டிங் இல்லை, இன்ஜின் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பதுதான் குற்றவாளி. ஆனால் ஒன்றைத் தள்ளுவதற்கு முன், நடுக்கம் வந்த நேரத்தில் இருந்த எல்லாமே சோதனையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தள்ளியது செல்லாது.

"சுவாமி, உங்களுக்கு நடுங்கும்போது பின்னால ட்ரெய்லர் உண்டா?"

"பின்னே? வேலைக்குப் போறப்போதான் நான் ஓட்டுவேன். மத்த நேரம் விஜயம்தான். அதையும் யோசிச்சேன் மோளே. ட்ரெய்லர் இருந்தா எனக்கு மனசுல ஒரு பதட்டம், அதனால கை நடுங்கறது போலேருக்குன்னு."

"மாமி எப்பவாவது ட்ரெய்லரோட ஓட்டியிருக்காங்களா?"

"அவளா! தெருவுக்குள்ளயே அது நுழையாது. ஆரியசாலையில யூசுப்போட அரிசிக் குடோனுக்குப் பின்னாடி நிறுத்தியிருக்கேன்."

"அந்த ரெண்டு பட்டறைக்கும் ட்ரெய்லரோட போனீங்களா?"

அவர் என் கால் பக்கம் கிடந்த கருத்த எண்ணெய்த் தட்டைப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் திறந்து கிடந்த என் டிபன் கேரியரைப் பார்த்தார். அதில் மத்தி மீன் பொரித்தது இருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"மடியா சுவாமி?"

"தப்பா எடுத்துக்காதே." அவருக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. "அந்த ட்ரெய்லர்ல சிராத்தத்துக்குச் சமைக்கற பாத்திரமும் போறது. பட்டறைக்குள்ள கிரீஸ், அது இதுன்னு... யாராவது பார்த்துட்டா அடுத்த முகூர்த்தத்துக்கு வேற ஆளைக் கூப்பிட்டுடுவா. அதனால எப்பவும் கழட்டி வைச்சுட்டுத்தான் பட்டறைக்கு வருவேன்."

"வாங்க, ஒரு சாதனம் காட்டுறேன்."

பட்டறையின் உள்ளே நான் ஒரு சிறிய அறை வைத்திருக்கிறேன். கியர்பாக்ஸைப் பிரிப்பது அங்கேதான். கண்ணாடிக் கதவு. வெளியே செருப்பைக் கழற்றி, கை கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பருத்தித் துணிக்கு அங்கே அனுமதி இல்லை, நூல் பிரியும். கியர்பாக்ஸின் வயிற்றில் எலும்பு போன்ற ஓர் அலுமினியத் தகடு உண்டு. அதில் புழு அரித்தது போல நூற்றுக்கணக்கான சின்னக் கால்வாய்கள். எண்ணெய் அவற்றில் ஓடித்தான் எந்த கியர் விழ வேண்டும் என்று முடிவாகிறது. ஒரு நூல் இழை உள்ளே போனால் போதும், ஒரு வால்வு பாதியில் நின்றுவிடும்.

"என் தம்பி பழம்பொரி தின்ன கையோட இதுக்குள்ள வந்தான். வெளியே நிறுத்திட்டேன். ஒரு வாரம் பேசலை" என்றேன்.

சுவாமி கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது அவருக்கு. "அடடே, எங்காத்து அடுக்களையைக் காட்டிலும் மடியா இருக்கே!"

"அப்போ உங்க மடி எனக்குப் புரியும் இல்லையா? ட்ரெய்லர் இங்கே வர வேண்டாம். நான் ஆரியசாலைக்கு வரேன். ஞாயித்துக்கிழமை காலையில ரோடு ஒழிஞ்சு கிடக்கும். ஆனா ஒண்ணு. மாமிதான் ஓட்டணும்."

"அவ எதுக்கு? நான் ஓட்டறேன், இல்லேன்னா நீ ஓட்டு."

"நீங்க ஓட்டி நடுங்கினா அது யாரோட நடுக்கம்னு தெரியாது. நான் ஓட்டி, நடுங்குதுன்னு சொன்னா, பாவம் சமாதானம் சொல்லுதுன்னு நினைப்பீங்க. நீங்க நம்புறது மாமியோட கையை."

அவர் இடது கையை விரித்துப் பார்த்தார். "அவளுக்கும் நடுங்கலைன்னா?"

"அப்போ அடுத்தது என்னன்னு பார்க்கலாம்."

"அடுத்தது ஒண்ணும் இல்லை மோளே. வண்டியையும் ட்ரெய்லரையும் கொடுத்துட வேண்டியதுதான். கரண்டி அடிக்கறதுக்கு முன்னாடியே கரண்டியைக் கீழ வைச்சுடணும்."

*

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது குடோன் சந்தில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. விஜயம் மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ட்ரெய்லரைப் பார்த்து நின்றார். பச்சைச் சேலை, காலில் ஓட்டுவதற்கென்று வாங்கிய கான்வாஸ் ஷூ.

"நான் ரிவர்ஸே நேரா எடுக்க மாட்டேன். எனக்குப் போய் வால் கட்டி விடறேளே. இதென்ன சோதனைன்னா?"

"வண்டி கொஞ்சம் ஆட்டறதாம்டி. ஜெபமலர் பார்க்கணுங்கறா."

"ஆட்டறதாமா! நான் தினம் ஓட்டறேன், எனக்குத் தெரியாத ஆட்டமா? நீங்கதான் இப்பல்லாம் எதையாவது சொல்லி வண்டியை என் தலையில கட்டப் பார்க்கறேள்." என் பக்கம் திரும்பினார். "கேட்டியா மலர், நாலு மாசமா இப்படித்தான். ஓட்டக் கத்துக்கோ, கணக்குப் பார்க்கக் கத்துக்கோ, சிலிண்டர் மாட்டக் கத்துக்கோ. என்னமோ இவர் காசிக்குப் போறாப்பல."

சுவாமி ட்ரெய்லர் கொக்கியைக் குனிந்து சரிபார்க்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாத்திரங்களெல்லாம் குடோனுக்குள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. காலி ட்ரெய்லர் எனக்கு உதவாது. வேலைக்குப் போகிற நாளில் என்ன கனமோ, அந்தக் கனம் வேண்டும். குடோன் முதலாளி யூசுப் மேலப்பாளையத்துக்காரர், வெற்றிலை மென்றபடி கதவில் சாய்ந்து நின்றார்.

"யூசுப் பாய், கொஞ்சம் அரிசி மூட்டை கடன் தாங்க. ஒரு மணிக்கூறுல திரும்பி வந்துரும்."

"என் அரிசிக்கு ஊர் சுத்திக் காட்டப் போறியளா? தாராளமாக் கொண்டு போங்க. பாவம், ஆலையில இருந்து வந்து ஒரு இடமும் பாக்கலை அது." ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார். மூட்டை ஏற ஏற ட்ரெய்லரின் ஸ்பிரிங் தாழ்ந்தது. "மாமி, பொன்னி அரிசியாக்கும். ரோட்டுல கொட்டினா காக்காய்க்குத்தான் சத்யை விருந்து."

"உங்க அரிசிக்கு நான் ஜாமீன், போங்கோ!"

மாமி ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பக்கத்தில் நான், மடியில் ஸ்கேனர். சுவாமி பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டார். வண்டி அசைந்தபோது பின்னாலிருந்து ட்ரெய்லர் ஓர் இழுப்பு இழுத்தது. மாமி "அம்மே!" என்றார். கிள்ளிப்பாலம் திருப்பத்தில் அகலமாக வளைக்க வேண்டும் என்று சுவாமி பின்னாலிருந்து சொல்ல, "எனக்குக் கண்ணு இருக்கு" என்று மாமி சொல்லிக்கொண்டே அகலமாக வளைத்தார். ஈஞ்சக்கல் வந்து பைபாஸில் ஏறினோம்.

நடுக்கத்தைத் தேடும்போது முதல் கேள்வி, அது யாரோடு சேர்ந்து ஓடுகிறது என்பதுதான். சக்கரத்தோடு ஓடுகிற நடுக்கம் உண்டு. டயர், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகிற நீளமான ஷாஃப்ட், அதன் மூட்டுகள் இதெல்லாம் அந்தக் குடும்பம். வேகம் கூடக் கூட இதுவும் கூடும், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் போகாது. இன்ஜினோடு ஓடுகிற நடுக்கம் வேறு. அது வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் முறுக்கினால் வந்து நிற்கும். இந்த இரண்டையும் பட்டறையிலேயே தேடிவிட்டேன், இல்லை. மூன்றாவது ஒன்று உண்டு. சக்கரத்தோடும் சேராது, இன்ஜினோடும் சேராது. மிதமான வேகத்தில், மிதமான மிதியில், பாரம் இருக்கும்போது மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்ளும்.

"மாமி, அறுபத்தஞ்சுக்கு வந்ததும் அப்படியே பிடிங்க. மிதியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இடது கையைச் சும்மா கியர் லிவர் மேல வைங்க."

"கை வைச்சா கியர் மாறிடாதோ?"

"மாறாது. வைங்க."

சாக்கை மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். கடல் காற்று கண்ணாடியில் மோதியது. மாமியின் வாய் வேகத்தை மெல்ல எண்ணிக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவாமி சாலையைப் பார்க்கவில்லை. கியர் லிவர் மேலிருந்த மாமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் இரண்டு வளையல்கள்.

வெண்பாலவட்டம் நெருங்கும்போது சாலை லேசாக மேலே ஏறும். கண்ணுக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும். அந்த இடத்தில் வளையல்கள் பேச ஆரம்பித்தன.

கினுகினுவென்று ஒரு சத்தம். ரயில் தூரத்தில் வரும்போது அலமாரியில் டம்ளர் நடுங்குகிற மாதிரி.

"ஐயே!" என்றார் மாமி. "இதென்னது? கையெல்லாம் விறுவிறுங்கறதே! ஏன்னா, உங்களுக்குத் தெரியறதா? வண்டி நடுங்கறது!"

பின் இருக்கையில் சுவாமி முன்னால் சாய்ந்து வளையல்களை உற்றுப் பார்த்தார்.

"மாமி, மிதியை மாத்தாதீங்க. பயப்பட வேண்டாம், வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு ஒரு சகாயம் பண்ணுங்க. நடுக்கம் இருந்தா 'இருக்கு'ன்னு சொல்லுங்க, போனா 'போச்சு'ன்னு சொல்லுங்க. சுவாமி, நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு சொல்லணும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஸ்கேனரில் ஒரு பொத்தான் உண்டு. ஓடும்போது எல்லா வண்டியும் அதற்குச் செவி கொடுப்பதில்லை. இந்த வண்டி கொடுத்தது. நான் சத்தமில்லாமல் அழுத்தினேன்.

"போச்சு" என்றார் மாமி.

"போச்சு" என்றார் சுவாமி. இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

கொஞ்ச தூரம் விட்டேன். மறுபடியும் அழுத்தினேன்.

"இருக்கு."

"இருக்கு."

நடுவில் ஒரு தடவை சும்மா அழுத்துகிற மாதிரி விரலை அசைத்துவிட்டு அழுத்தாமல் இருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அழுத்தியபோது "போச்சு" என்றார்கள். குழிவிளை தாண்டும் வரை இந்த விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினோம். ஒரு தடவைகூட ஒருவர் சொன்னதை மற்றவர் மாற்றிச் சொல்லவில்லை. கடைசித் தடவை "இருக்கு" என்றது மாமியின் குரல் மட்டும்தான். பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"ஓரமா நிறுத்துங்க மாமி."

நிறுத்தியதும் மாமி திரும்பிப் பார்த்தார். சுவாமி மேல்துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"ஏன்னா? என்னாச்சு? நெஞ்சு வலிக்கறதா? மலர், என்னடி இது?"

"ஒண்ணுமில்லை மாமி. சுவாமியே சொல்லுவாங்க."

நான் இறங்கி ட்ரெய்லர் பக்கம் போய், அரிசி மூட்டையின் கயிற்றைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிபார்த்தேன். லாரிகள் போகும் சத்தத்தில் உள்ளே பேசுவது கேட்கவில்லை. அப்புறம் மாமியின் குரல் மட்டும் எல்லாவற்றையும் தாண்டி வந்தது.

"ஒத்தைக்கா? நாலு மாசம் ஒத்தைக்கு வைச்சுண்டு பயந்துண்டிருந்தேளா? நான் எதுக்கு இருக்கேன் பின்னே, வாசல்ல கோலம் போடவா?"

நான் திரும்பி வந்தபோது மாமி பின் இருக்கையில் இருந்தார். சுவாமியின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கைதானே? பாரு மலர், கல்லு மாதிரி இருக்கு. இதுக்குப் போய்..." என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீ என்ன அழுத்தினே? விளக்கமாச் சொல்லு."

இப்படிக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எதையும் ஒளிக்கத் தோன்றாது.

"மாமி, ஆட்டோமேட்டிக் வண்டியில கிளட்ச் மிதி இல்லை. அதுக்குப் பதிலா இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவுல ஒரு உருண்டைப் பெட்டி உண்டு. உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள்ள ரெண்டு ஃபேன் எதிரும் புதிருமா இருக்கு. ஒண்ணை இன்ஜின் சுத்தும். அது எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் அடுத்த ஃபேனைத் தள்ளும், அதுதான் வண்டியை ஓட்டும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது. அதனாலதான் சிக்னல்ல நிக்கும்போது வண்டி அணையறதில்லை."

"ஓ! தண்ணியைக் கிண்டினா மிதக்கற இலை சுத்தறாப்பல."

"அதேதான்! ஆனா இலை கரண்டியைவிடக் கொஞ்சம் பின்தங்கியேதான் சுத்தும் இல்லையா? அது நஷ்டம், டீசல் வீணாகும். அதனால வண்டி ஒரே வேகத்துல போக ஆரம்பிச்சதும் உள்ளே ஒரு பிளேட் வந்து ரெண்டையும் சேர்த்துப் பூட்டிடும். நான் அழுத்தினது அந்தப் பூட்டைத் திறக்கத்தான். திறந்தா நடுக்கம் போச்சு, பூட்டினா வந்துது. அப்போ குறை பூட்டுலதான்."

"பூட்டு ஏன் நடுங்கணும்?" இது சுவாமி. குரல் இன்னும் கரகரத்தது.

"நல்லாத் தேய்ச்ச எவர்சில்வர் தட்டுல ஈர விரலை வைச்சு இழுங்க. கிர்ருங்கும். விரல் ஒட்டும், வழுக்கும், ஒட்டும், வழுக்கும். அதே விரல்ல எண்ணெய் தொட்டுக்கிட்டு இழுத்தா சத்தமே இல்லாம போகும். இந்தப் பூட்டு அப்படி வழவழன்னு பிடிக்கறதுக்குன்னே அந்த எண்ணெயில சரக்குச் சேர்த்திருப்பாங்க. எண்ணெய் பழசாகி வெந்துபோனா அந்தக் குணம் போயிரும். பூட்டு ஈர விரல் மாதிரி பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு..."

"ட்ரெய்லர் இல்லேன்னா?"

"கனம் இல்லைன்னா பூட்டுக்கு வேலை குறைவு, வழுக்காமப் பிடிச்சுக்கிடும். அதனாலதான் மாமிக்குத் தெரியலை, அந்த ரெண்டு பட்டறைக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. அரிசி ஏத்தினதும் தெரிஞ்சுது."

சுவாமி தன் கையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அந்த எண்ணெயை மாத்தவே வேண்டாம், வண்டி ஆயுசுக்கும் அதுவே போறும்னு வித்தவன் சொன்னான்."

"எந்த ஆயுசைச் சொன்னானோ!" என்றார் மாமி.

*

சனிக்கிழமைக்குள் வேலையை முடித்தேன். அடியில் பாத்திரத்தை வைத்து அடைப்பைத் திறந்ததும் வந்த எண்ணெய், சிவப்பாக இருக்க வேண்டியது, அடிப்பிடித்த வெல்லப் பாகு நிறத்தில் இருந்தது. ஒரு தடவை வடித்தால் பாதிதான் வரும். மீதி அந்த உருண்டைப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். சுவாமிக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உப்பு ஏறின சாம்பார். கொஞ்சத்தை மொண்டு கொட்டிட்டு, பருப்புத் தண்ணி விட்டு, கொதிக்கவைச்சு, திரும்ப மொண்டு கொட்டணும்" என்றார்.

அப்படியேதான் செய்தேன். வடித்து, நிரப்பி, ஓட்டி, மறுபடி வடித்து. ஒவ்வொரு தடவையும் நிறம் தெளிந்துகொண்டு வந்தது. கியர்பாக்ஸின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியிலிருந்த காந்தத்தில் மை போல நைசான பொடி மட்டும் ஒட்டியிருந்தது, துணுக்கு எதுவும் இல்லை. பூட்டின் தகடு இன்னும் முழுசாகத் தேயவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். இருந்தாலும் உறுதி சொல்லவில்லை. எண்ணெயில் சரியாகாவிட்டால் அந்தப் பெட்டியையே மாற்ற வேண்டிவரும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவைத்தேன். கனமாக இழுக்கிற வண்டியில் எண்ணெய் சூடாகும், அதனால் ஒரு கூலரும் மாட்டினேன்.

அதற்கு நடுவில் மாமி சுவாமியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்திருந்தார்.

"வண்டிதான்னு தெரிஞ்சுபோச்சே, எதுக்குன்னேன். கேக்கலை" என்றார் சுவாமி.

"பயந்துண்டு போகாம இருந்தேள். பயம் போனப்புறம் போறதுக்கு என்ன? டாக்டர் நடக்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். கையில ஒண்ணும் இல்லையாம். முட்டியைப் பார்த்துட்டுத்தான் திட்டினார்."

மறு ஞாயிற்றுக்கிழமை யூசுப்பின் அரிசிக்கு இரண்டாவது ஊர்வலம். இந்தத் தடவை தெற்கே, திருவல்லம் வழியாகக் கோவளம் ஜங்ஷன் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். யார் ஓட்டுவது என்று குடோன் வாசலில் ஒரு வழக்கு நடந்தது.

"என் வண்டி, நான் ஓட்டறேன்" என்றார் சுவாமி.

"அன்னிக்கு என் கைதானே கண்டுபிடிச்சுது? சரியாயிடுத்தான்னும் அதுதான் சொல்லணும்."

"ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு நில்லுங்க, நான் ஓட்டுறேன். எனக்கு லைசென்ஸ்தான் இல்லை" என்றார் யூசுப்.

மாமி ஜெயித்தார். சுவாமி முன்னால் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஸ்கேனரோடு பின்னால் போனேன். பைபாஸில் ஏறியதும் மாமி கியர் லிவர் மேல் கையை வைத்தார். வேகம் அறுபதைத் தாண்டியது. ஸ்கேனரில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று இன்ஜின், ஒன்று கியர்பாக்ஸ். போன வாரம் அந்தக் கோடுகளுக்கு நடுவில் ரம்பப் பல்லாக இருந்தது. இன்று பூட்டு விழுந்த இடத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகப் போயின. ஏற்றம் வந்தது. படிந்த கோடு பிரியவில்லை. மாமியின் வளையல்கள் மணிக்கட்டில் சும்மா கிடந்தன.

"சுவாமி, பார்த்தீங்களா?" என்று திரையை முன்னால் நீட்டினேன்.

மாமி உதட்டில் விரல் வைத்தார்.

சுவாமி தூங்கிக்கொண்டிருந்தார். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு கையும் மடியில் மல்லாந்து, யாரோ வாங்கிக்கொள்ளட்டும் என்று வைத்த மாதிரி கிடந்தன.

"ராத்திரி எல்லாம் முழிச்சுண்டே இருப்பார்" என்று மாமி குசுகுசுத்தார். "வேலைக் கவலைன்னு நினைச்சேன். கையை நெஞ்சு மேல வைச்சு, இன்னொரு கையால பிடிச்சுண்டு படுத்திருப்பார். எனக்குத் தோணவே இல்லை பாரு."

நான் ஸ்கேனரின் சத்தத்தை அணைத்தேன். மாமி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. சாலையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. கோவளம் ஜங்ஷன் வந்தது.

"மாமி, இங்கேதான் திரும்பணும்."

"திரும்பினா குலுங்கும்" என்றார். "முழிச்சுப்பார்."

திருப்பம் பின்னால் போயிற்று. விழிஞ்ஞம் வழி பிரிகிற இடமும் போயிற்று. காரோடு என்ற ஊர் வரை நேரான சாலைதான், இரண்டு பக்கமும் தென்னை. யூசுப்பின் அரிசி மூட்டைகள் பின்னால் அசையாமல் வந்தன. வேகமானியின் முள் அறுபத்தைந்தில் நின்றது. மாமி அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.